கிராமப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், தாத்தா இரட்டைமலை சீனிவாசனார், எம். சி. ராஜா ஆகிய பெருமக்களின் வாழ்க்கை வரலாறுகள் இடம்பெறுதல் முறையே. அவற்றை எழுத நம்மினும் தகுதி வாய்ந்தோர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பெரியாரோ நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். நம் உரிமைக்கென மேடையேறிப் போராடியவரும் அல்லர். இம்மலரில் அவருக்கு இடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில், தோல்ஷாப் என்று நம் மக்கள் வழங்கும் பதனிடும் ஆலைகளுக்கு அருகே வாழ்ந்து, கிணற்றுநீரை வாயில் வைத்துப் பார்த்தவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். ஒரு பொருளின் விலையை யார் கொடுக்கிறார், அதன் ஆதாயத்தை யார் எடுத்துச் செல்கிறார் என்னும் கேள்வியை ஒரு கணக்கருக்குரிய கண்டிப்போடு முதலாளித்துவத்தின் முன் வைத்த தமிழர் ஜே. சி. குமரப்பா. அக்கேள்வி நமக்குரியது என்பதாலேயே அவர் வரலாற்றை எழுதப் புகுந்தோம்.

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில், வசதி படைத்த கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். செங்கற்பட்டு மாவட்டத்தில் நம் மக்கள் படும் இன்னல்களை ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையின் பயனாகச் சென்னை அரசு நமக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டதும் அதே 1892ஆம் ஆண்டில்தான். பஞ்சமி நிலம் என இன்றும் நாம் தேடிக்கொண்டிருப்பது அதுவே. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே எனினும், நிலமே பின்னாளில் குமரப்பாவின் கடைசிப் பெரும்பணியாக அமைந்தமையால் ஈண்டுக் குறித்தோம்.

தந்தையார் சாலமோன் துரைசாமி கார்னீலியஸ் பொதுப்பணித் துறையில் அலுவலர். தாயார் எஸ்தர் இராஜநாயகம். மகனுக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். சென்னையில் பள்ளிக் கல்வி முடித்து, இலண்டன் சென்று கணக்குத் தணிக்கைத் தொழில் பயின்று, 1919இல் நாடு திரும்பிய அவர், பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். மேலை நாட்டு உடை, மேலை நாட்டு உணவு, செல்வர்களின் நட்பு என்று அவருடைய நாட்கள் கழிந்தன. அவ்வாறே இருந்திருப்பின் பம்பாயில் பொருள் சேர்த்த பலருள் ஒருவராக மறைந்திருப்பார்.

1927இல் அமெரிக்கா சென்று சிரகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் பெற்ற பின், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசு நிதியியல் பயிலச் சேர்ந்தார். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழ்மையுற்றிருக்கிறது என்பது பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு செய்தித்தாளில் வெளிவந்தது. அதனைக் கண்ணுற்ற பேராசிரியர் செலிக்மன், அதையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார். வெள்ளையர் ஆட்சியின் வரவு செலவுகளைத் தணிக்கையாளர் கண்ணால் பார்க்கத் தொடங்கியதும், இந்நாட்டு வறுமைக்குக் காரணம் மக்களின் சோம்பலோ வானத்தின் வஞ்சனையோ அன்று, உழவனிடம் வாங்கிய வரி அவனுக்குத் திரும்பி வாராமையே என்று அவர் கண்டார்.

இச்செலிக்மன் யார் என்பதை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். 1913 முதல் 1916 வரை அதே கொலம்பியாவில் பயின்ற அண்ணல் அம்பேத்கருக்கும் ஆசிரியர் அவரே. மாகாண நிதியின் வளர்ச்சி பற்றி அண்ணல் எழுதி 1925இல் வெளிவந்த நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் அவரே. ஒரே ஆசிரியரிடம் ஒரே துறையைக் கற்ற இருவர், இந்தியக் கிராமத்தைப் பற்றி நேர் எதிரான முடிவுகளுக்கு வந்தனர். இது பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

1929இல் தாயகம் திரும்பியதும் தம் முன்னோர் பெயராகிய குமரப்பா என்பதை மீண்டும் சூடிக்கொண்டார். தம் ஆராய்ச்சியை வெளியிடும் பொருட்டு அவ்வாண்டு மே மாதம் சபர்மதி ஆசிரமத்திற்குக் காந்தியடிகளைக் காணச் சென்றார். பட்டு உடையும் கைத்தடியுமாகச் சென்றவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவர்தாம் காந்தி என்று அறிந்து, நாற்காலியை மறுத்துத் தாமும் தரையில் அமர்ந்தார் என்பர். காந்தியடிகள் அவ்வாராய்ச்சியைத் தம் 'யங் இந்தியா' இதழில் தொடர்ந்து வெளியிட்டதோடு, குஜராத்தில் கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் பொருளாதார நிலையை நேரில் ஆராய்ந்து எழுதும் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார். குஜராத் வித்தியாபீட மாணவர்களுடன் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் வீடு வீடாகச் சென்று வரவு, செலவு, கடன், கால்நடை, பயிர் அனைத்தையும் கணக்கெடுத்தார். நூலகத்தில் கற்ற பொருளியலைக் குடிசையில் வைத்துச் சரிபார்த்த இம்முறை, இன்று கல்லூரியில் பொருளியல் பயிலும் நம் பிள்ளைகள் பின்பற்றத்தக்கது.

உப்புப் போராட்டக் காலத்தில் 'யங் இந்தியா' இதழின் பொறுப்பை ஏற்றமையால் சிறை புகுந்தார். விடுதலைப் போரில் அவர் சிறை சென்றது அஃதொரு முறை மட்டும் அன்று. அவருடைய கண்டிப்புக்கு ஒரு நிகழ்ச்சி கூறலாம். 1934இல் பீகார் நிலநடுக்கத்தின்பின், துயர்துடைப்பு நிதியின் கணக்குகளை அவர் கவனித்து வந்தார். தொண்டர் ஒருவருக்கு நாளுக்கு இவ்வளவே உணவுச் செலவு என்று வரம்பு கட்டியிருந்தார். காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கு வந்தபோது, அவர்களுக்கு ஆன மிகுதிச் செலவை நிதியிலிருந்து கொடுக்க மறுத்துவிட்டார். தலைவருக்கே வளையாத அக்கணக்குப் புத்தகத்தை எண்ணும்போது, நம் சங்கங்களின் கணக்குகளை எழுதும் பொருளாளர்கள் நினைவுக்கு வருகின்றனர். அவ்வளவே கூறி மேற்செல்வோம்.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியது. வார்தா நகரில் மகன்வாடி என்னும் இடத்தில் அமைந்த அதன் செயலாளராகக் குமரப்பா பொறுப்பேற்றார். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் எனப் பல தொழில்கள் அங்கு ஆராயப்பட்டன. இவற்றையெல்லாம் பழமை விரும்பியின் பொழுதுபோக்கு என்று எள்ளி நகையாடியவர் அன்றும் இருந்தனர். அவர் கேட்ட கேள்வியோ மிக எளிது. ஊரிலுள்ள எள்ளும் கடலையும் நகரத்து ஆலைக்குச் சென்று எண்ணெயாகித் திரும்பும்போது, செக்காட்டியவன் வேலை இழக்கிறான். பிண்ணாக்கு ஊருக்குத் திரும்பாமையால் மாடு மெலிகிறது. மாடு மெலிந்தால் எரு குறைகிறது. எரு குறைந்தால் மண் வளம் குன்றுகிறது. ஆலை முதலாளியின் பேரேட்டில் இவற்றுள் ஒன்றேனும் செலவாக எழுதப்படுகிறதா என்பதே அக்கேள்வி. நம் திண்டுக்கல் பூட்டுத் தொழிலின் கதையை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தலைமுறைகளாகப் பட்டறைகளில் கையால் அரம் தேய்த்துப் பூட்டு வடித்த குடும்பங்கள், இயந்திரத்தில் வார்த்துக் குவிக்கப்பட்ட மலிவுப் பூட்டுகளின் முன் நிற்க இயலாமல் தொழிலை விட்டன. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறைகள் பல மூடப்பட்டிருந்தன.

1942 போராட்டக் காலத்தில், போர்ச் செலவுக்காக அரசு அளவின்றி நோட்டு அச்சிட்டு உழவரின் விளைபொருளைப் பறிப்பதைக் கண்டித்து எழுதியமைக்காகக் குமரப்பா தண்டிக்கப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையிலிருந்தபோது அவர் எழுதியதே நிலைத்த பொருளாதாரம் எனத் தமிழில் பொருள்படும் நூல், 1945இல் வெளிவந்தது. அங்கேயே இயேசுபெருமானின் வாழ்வையும் போதனையையும் பற்றி மற்றொரு நூலும் எழுதினார். இந்நூல்களைக் கண்ட காந்தியடிகள், இறையியல் அறிஞர் என்றும் கிராமத் தொழிற் பேரறிஞர் என்றும் தாமே பட்டங்கள் சூட்டி மகிழ்ந்தார்.

நிலைத்த பொருளாதாரம் நூலின் கருத்தை நம் பள்ளி மேல்வகுப்பு மாணவர்களுக்குக் கூறியபோது அவர்கள் வியக்கத்தக்க விரைவில் விளங்கிக்கொண்டனர். இயற்கையில் உயிர்கள் பிழைக்கும் வகைகளைக் கொண்டே அவர் மனிதப் பொருளியலைத் தரம் பிரிக்கிறார். புலி தான் உண்ணும் ஆட்டையே அழித்துவிடுகிறது. அது ஒட்டுண்ணிப் பொருளியல். குரங்கு மரத்தை அழிப்பதில்லை, ஆயினும் தான் நட்டு வளர்க்காத மரத்தின் கனியைப் பறித்துக்கொள்கிறது. அது பறித்துண்ணும் பொருளியல். தேனீ பூவிலிருந்து தேனை எடுக்கும்போதே மகரந்தத்தைப் பரப்பிச் செடி காய்க்க உதவுகிறது. எடுத்ததற்கு ஈடு செய்யும் முயற்சிப் பொருளியல் அது. தேனீக்கள் தம் கூட்டத்திற்கென ஒன்றுகூடி உழைப்பது அதனினும் உயர்ந்த கூட்டுறவு நிலை. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையின் தொண்டே யாவற்றிலும் உயர்ந்தது. முதலாளித்துவமும் ஏகாதிபத்தியமும் எந்தப் படியில் நிற்கின்றன என்பதை அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். கந்துவட்டிக்காரர் எந்த வகை, ஐயா என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பே விடை கூறிவிட்டது.

இதனோடு மற்றொரு பாகுபாடும் உண்டு. கதிரவன் ஒளி, காற்று, ஓடும் நீர், ஆண்டுதோறும் வளரும் மரம் ஆகியவை எடுக்க எடுக்க மீண்டும் வருபவை. நிலக்கரி, பெட்ரோலியம், உலோகக் கனிகள் முதலியவை எடுத்தால் தீர்ந்துபோகும் சேமிப்பு. தீரும் சேமிப்பின்மேல் எழுப்பிய நாகரிகம் அச்சேமிப்புக்காகப் போரிட்டே தீரும் என்று அவர் கணித்தார். சுற்றுச்சூழல் என்னும் சொல்லே வழக்கில் வாராத காலத்தில் இதனை எழுதினார் என்பதை நினைவிற் கொள்க. இரசாயன உரம் மண்ணுக்கு ஊட்டும் மதுவைப் போன்றது, முதலில் எழுச்சி தந்து பின் தளர்ச்சியில் ஆழ்த்தும் என்பதும் அவர் கருத்து. இதனை முழுதும் ஏற்காத உழவர்கள் உண்டு; பஞ்சத்தைக் கண்ட தலைமுறைக்கு உர மூட்டை தந்த சோற்றை நாமும் இகழ மாட்டோம். எனினும் நம் சமவெளிக் கிணறுகளைப் பாருங்கள். கமலை பூட்டி மாடுகள் இறைத்த காலத்தில், ஊறிய நீரைத்தான் இறைக்க முடிந்தது. அக்கமலைச் சாலுக்கு வேண்டிய தோலைப் பதனிட்டுத் தைத்துக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். மின்மோட்டார் வந்தது, கிணறு ஆழ்ந்தது, பின் ஆழ்துளைக் குழாய் வந்தது. இன்று நாம் இறைப்பது மழை தந்த வருமானத்தை அன்று, பாறைக்குள் பன்னெடுங்காலம் சேர்ந்த முதலை. ஆழக் குழாய் இறக்கப் பணமுள்ளவர் தோட்டம் பசுமையாய் நிற்க, அருகிலுள்ள சிறு காணிக்காரரின் கிணறு வறண்டது.

தோல் தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் கொண்டு தோல் பதனிடுதல் தென்னாட்டின் பழந்தொழில். கிராமக் கைத்தொழில் இயக்கத்தார் இதனைத் தாழ்ந்த தொழிலாகக் கருதாமல், வார்தாவுக்கு அருகே நால்வாடியில் பதனிடும் நிலையம் அமைத்து, செத்த மாட்டின் தோல், எலும்பு, தசை யாவும் வீணாகாமல் பயன்படும் முறையைக் கற்பித்தனர். நோக்கம் நல்லதே. ஆனால் 1927இல் மகாடு மாநாட்டில், செத்த மாட்டை இழுப்பதையும் அதன் இறைச்சியை உண்பதையும் அறவே விட்டொழிக்குமாறு அண்ணல் நம் மக்களுக்கு அறிவுறுத்தியிருந்தார். தொழிலைத் தூய்மைப்படுத்த முயன்றது ஓர் இயக்கம். பிறப்பின் காரணமாக அத்தொழிலை நம்மேல் கட்டிய கயிற்றையே அறுக்கச் சொன்னது மற்றொன்று. இவ்விரண்டில் அண்ணல் கூறியதே முதலில் நடந்தாக வேண்டியது என்பது நம் துணிபு. தான் தேர்ந்துகொண்ட தொழிலுக்கே ஒருவன் பெருமை சேர்க்க முடியும்.

குமரப்பாவின் பேரேட்டில் விடுபட்ட பத்தி இதுதான். மண்ணின் இழப்பை எழுதினார், மாட்டின் இழப்பை எழுதினார், உழைப்பவனின் இழப்பையும் எழுதினார். ஊருக்குள் ஊரும் சேரியும் தனித்தனியே கிடப்பதை அதே கண்டிப்போடு எழுதவில்லை. பழைய வருணப் பாகுபாட்டைப் பணத்தினும் தொண்டை உயர்வாக வைத்த ஏற்பாடு என்று அவர் நல்லெண்ணத்தோடு பொருள்கொண்டார். நமக்கு அது ஏற்புடையதன்று. பொதுக்கிணற்றில் நீர் எடுக்க முடியாதவனுக்குத் தன்னிறைவு பெற்ற கிராமம் என்பது என்ன? 1948 நவம்பரில் அரசியல் நிருணய சபையில் அண்ணல், கிராமத்தை அறியாமையும் குறுகிய நோக்கும் சாதி வெறியும் குடிகொண்ட இடமெனக் கடுமையாகச் சாடியபோது, செலிக்மனின் மற்றொரு மாணவர் காணாது விட்டதையே சுட்டிக்காட்டினார். ஆகவே குமரப்பாவை நம் இளைஞர்கள் படிக்கும்போது அம்பேத்கரை உடன் வைத்துக்கொண்டே படித்தல் வேண்டும்.

இவ்வளவு கூறியபின், நிலத்தைப் பற்றிய அவர் பணியையும் நேர்மையுடன் கூற வேண்டும். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1949இல் அறிக்கை அளித்தார். உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே நின்று உண்பவர்கள் நீங்க வேண்டும். நிலம் உழுபவனுக்கே உரியதாக வேண்டும். ஒரு குடும்பம் வாழப் போதுமான நிலத்தின் மும்மடங்குக்கு மேல் எவரும் வைத்திருத்தல் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. மாகாணங்களை ஆண்ட கட்சியில் நிலக்கிழார்களே வலுப்பெற்றிருந்தமையால் அறிக்கை பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. தமிழகத்தில் 1961இல்தான் உச்சவரம்புச் சட்டம் வந்தது; ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 தரப்படுத்தப்பட்ட ஏக்கர். 1970இல் அது 15ஆகக் குறைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பினாமிப் பெயர்களில் பட்டாக்கள் எப்படிப் பிரிந்தன என்பது ஊரறிந்த செய்தி.

ஆலைத் தொழிலையும் நகரையும் முன்னிறுத்திய நேரு அரசின் போக்கைக் குமரப்பா வெளிப்படையாக எதிர்த்தார். விடுதலைக்கு முன்பே நேரு தலைமையிலான தேசியத் திட்டக் குழுவிலிருந்து விலகியவர் அவர். 1951இல் சீனம் சென்று அங்கு நடந்த நிலப் பங்கீட்டைப் பாராட்டிப் பேசியதால், கம்யூனிஸ்டு என்னும் பட்டமும் கிடைத்தது. சோவியத் நாட்டையும் பார்த்து வந்தார். அதிகாரம் ஓரிடத்தில் குவிவது முதலாளியிடமாயினும் அரசிடமாயினும் தீங்கே என்பது அவர் கொள்கை. ஆகவே இரு சாராரும் அவரைத் தம்மவர் என்று அணைத்துக்கொள்ளவில்லை.

உடல் நலம் குன்றிய நிலையில் 1950களின் நடுப்பகுதியில் தமிழகம் திரும்பி, மதுரைக்குத் தென்மேற்கேயுள்ள தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். அன்று நம் திண்டுக்கல்லும் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே. நம்மருகே சின்னாளப்பட்டியை ஒட்டி, டாக்டர் சௌந்திரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தோற்றுவித்த காந்திகிராமமும் அதே இயக்கத்தின் கிளையே. திருமணம் செய்துகொள்ளாத குமரப்பா, கல்லுப்பட்டியில் எளிய குடிலில் வாழ்ந்து, எழுதுவதையும் வந்தோர்க்கு எடுத்துரைப்பதையும் கடைசி வரை விடவில்லை. 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னைப் பொது மருத்துவமனையில் தம் 68ஆம் வயதில் காலமானார்.

அவர் மறைந்தபின் நம் பகுதியில் நிகழ்ந்தவை அவர் கணக்கை மெய்ப்பித்தன. 1970களில் பதனிட்ட தோலாக அன்றி முடிவுற்ற தோலாக ஏற்றுமதி செய்ய அரசு ஊக்கம் தந்தது. ஆவாரம்பட்டை இருந்த இடங்களில் குரோம் முறை பரவியது. தோல் கெடாதிருக்க இடும் உப்பும் இரசாயனக் கழிவும் வயலிலும் குளத்திலும் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தன. குழியில் இறங்கிக் கூலிக்கு உழைத்தவர்களுள்ளும், கெட்ட கிணற்றை நம்பி வாழ்ந்தவர்களுள்ளும் நம் மக்கள் மிகப் பலர். வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் மாசுபடுத்தும் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் தண்டம் விதித்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு கணிக்க ஓர் ஆணையம் அமைக்கவும் பணித்தது. மாசு செய்தவனே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் நெறி அத்தீர்ப்பில் நாட்டுச் சட்டமாயிற்று. குமரப்பா அரை நூற்றாண்டுக்கு முன் பேரேட்டில் தேடிய செலவுப் பத்தி இதுவே.

அதே ஆண்டு டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக மற்றொரு தீர்ப்பும் வந்தது. விளைநிலத்தையும் குடிநீரையும் உப்பாக்கிய அப்பண்ணைகள்மீது வழக்குத் தொடுத்தவர், சர்வோதய இயக்கத்தைச் சேர்ந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதன். ஆயினும் 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அப்பண்ணைகளுக்கு மீண்டும் வழி திறந்தது. ஜெகந்நாதனின் வாழ்க்கைத் துணைவியார் கிருஷ்ணம்மாள், 1926இல் நம் பட்டிவீரன்பட்டிக்கு அருகே, நம் சமுதாயத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், இருவரும் நாகைப் பகுதிக்குச் சென்று தங்கி, 1981இல் லாப்டி என்னும் நில மீட்பு இயக்கத்தைத் தொடங்கினர். நிலக்கிழார்களோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, பல்லாயிரம் ஏக்கர் நிலத்தை வாங்கி, நிலமற்ற நம் மக்களுக்குப் பிரித்துக் கொடுத்தனர். பட்டாக்கள் குடும்பத்துப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்யப்பட்டன.